கடைசியாக இதைத் தொட்டது யார்?

18446744073709551615.

இந்த எண்ணைப் பார்த்ததும் இரண்டு வகை ஆட்களுக்குப் பொறி தட்டும். கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அம்பலப்புழைக் கணக்கு. சதுரங்கத்தில் தோற்ற அரசன், முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று 64 கட்டத்துக்கும் கொடுக்கிறேன் என வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டானே, அதன் மொத்தம் இதுதான். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இன்றும் அந்தக் கோயிலில் பால்பாயசம் என்பார்கள். சி++ என்ற கணினி மொழியில் எழுதிப் பிழைக்கிறவர்களுக்குப் பாயசம் நினைவுக்கு வராது, வயிறுதான் கலங்கும். பூஜ்யமாக இருந்த ஒரு 64 பிட் அன்சைன்டு (மைனஸே கிடையாத) எண்ணிலிருந்து யாரோ ஒன்றைக் கழித்துவிட்டார்கள், அது கீழே போக வழியில்லாமல் உச்ச எண்ணுக்குச் சுற்றிக்கொண்டது என்று அர்த்தம்.

அந்த யாரோ யார் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. கடைசி இரண்டு நாள் தவிர மற்றதெல்லாம் வீண். அந்த வீணான நாட்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரண்டு நாளின் அருமை புரியாது.

நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். வாடிக்கையாளர்களின் பெயரைச் சேர்த்துக் குறுஞ்செய்தி அனுப்பும் சர்வர் ஒன்று. பத்து வருடப் பழசான சி++ கோடு. ராத்திரி ஓடும் டெஸ்ட்டுகளில் ஒன்று ஏறக்குறைய 400 ஓட்டத்துக்கு ஒருமுறை விழும். விழும்போதெல்லாம் ஒரே காட்சி. ஒரு வாடிக்கையாளரின் பெயரை நகலெடுக்கப் போகிறது, பெயரின் நீளம் எவ்வளவு என்று பார்க்கிறது, அங்கே அந்த அம்பலப்புழை எண். அவ்வளவு நீளமான சரத்துக்கு (எழுத்து வரிசைக்கு) எந்த மெஷினிலும் இடமில்லை என்று லெங்த் எரர் வீசி, அதைப் பிடிக்க ஆளில்லாமல் புரோகிராம் செத்துப்போகும்.

கோர் டம்ப், அதாவது புரோகிராம் செத்த கணத்தில் அதன் மெமரியை எடுத்துவைத்த நகல், இருந்தது. ஆனால் கோர் டம்ப் என்பது செத்தவனின் போட்டோ. எந்த நிலையில் கிடந்தான் என்று தெரியும், வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று தெரியாது. கெட்டுப்போன நீளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கெடுத்தவன் எப்போதோ தன் வேலையை முடித்துவிட்டு, ஸ்டாக்கிலிருந்து (அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்களின் அடுக்கு) இறங்கிப் போயிருப்பான்.

எனவே எல்லோரும் ஊகிக்க ஆரம்பித்தோம். ஒருவர் கம்பைலரைச் சந்தேகப்பட்டார் (எந்தக் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார்). ஒருவர் வெளியிலிருந்து வாங்கிய லைப்ரரி மேல் கை காட்டினார். இரண்டு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எழுதுகிறது என்பது என் கட்சி. அனுபவசாலி என்ற பெயர் எனக்கு இருந்ததால் என் கட்சிதான் ஜெயித்தது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் நுழையலாம் என்று நாலு இடத்தில் பூட்டுப் போட்டேன். கிராஷ் நின்றது. 'சரியாகிவிட்டது' என்று மெயில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் ராத்திரி மறுபடி விழுந்தது. பூட்டுப் போட்டதில் ஓட்டத்தின் வேகம் கொஞ்சம் மாறி, விழும் வாய்ப்புக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

லாக் (பூட்டு இல்லை, என்ன நடக்கிறது என்று வரி வரியாக எழுதிவைக்கும் குறிப்பு) போட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். போட்டோம். லாக் இருக்கும் பில்டில் விழவே விழாது. எடுத்தால் விழும். வண்டியில் கடகடவென்று சத்தம் வருகிறது என்று மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால், அவர் கடை வாசலில் வண்டி பூ மாதிரி ஓடுமே, அதே கதைதான். இந்த மாதிரிப் பிழைக்கு ஹைசன்பக் என்று பெயர். ஜிம் கிரே 1985இல் எழுதிய ஒரு பிரபலமான அறிக்கையில் இந்தச் சொல் வருகிறது. பெயர் தெரிந்ததால் எங்களுக்கு நயா பைசா பிரயோஜனமில்லை.

மெமரித் தவறுகளைப் பிடிக்கும் ஏஸானோடும் கட்டிப் பார்த்தோம். அதில் ஓட்டம் மெதுவாகிவிடும். எங்கள் பிழைக்கு வேண்டிய நேரப் பொருத்தம் அந்த வேகத்தில் அமையவே இல்லை. பலருக்கு முதல் நாளிலேயே கைகொடுக்கும் கருவி அது, எங்களுக்கு வாய்க்கவில்லை.

நாலாவது வாரம் மேனேஜர் பொறுமை இழந்தார். நீளம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் அந்த ரெக்கார்டை விட்டுவிடு என்று ஒரு 'இஃப்' போட்டு மூடிவிடலாமே என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒப்புக்கொள்கிறேன், அந்த 'இஃப்'ஐ நான் எழுதியும் வைத்திருந்தேன். அது உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் நடுக்கம்.

அப்போதுதான் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள். "அண்ணா, ஆர்ஆர்ல ரெக்கார்ட் பண்ணிப் பாத்தாச்சா?"

ஆர்ஆர் என்பது புரோகிராமின் ஓட்டத்தைப் பதிவு செய்து, அதே ஓட்டத்தைப் பிறகு மறுபடி ஓட்டிக் காட்டும் கருவி. ஓட்டத்தைப் பதிவு செய்வது என்றாலே எனக்கு ஒரு கசப்பு. ஜிடிபியில் (நாட்டின் ஜிடிபி இல்லை, இது டீபக்கர், பிழை தேடும் கருவி) 7.0 பதிப்பு 2009இல் வந்தபோது பின்னோக்கி ஓட்டும் வசதி சேர்ந்தது. ஆசையாக முயன்றேன். சிபியுவுக்கான கட்டளைகளை ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனாக நிறுத்தி, அது மாற்றப்போகும் இடத்தையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு போகும் முறை அது. ஒரு வினாடி வேலைக்கு டீ குடித்துவிட்டு வரலாம். அந்தப் பதிவின் வரம்பு, நாமாக மாற்றாவிட்டால், 2,00,000 இன்ஸ்ட்ரக்ஷன். இன்றைய சிபியுவுக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. போதாததற்கு, பின்னாளில் சிபியுக்களில் சேர்ந்த ஏவிஎக்ஸ் என்ற வகை இன்ஸ்ட்ரக்ஷன் எதிர்ப்பட்டால், பல வருடம் வரை 'இது எனக்குத் தெரியாது' என்று நின்றுவிட்டது. சாதாரணமாக ஒரு சரத்தின் நீளத்தை அளக்கும் நூலக ஃபங்ஷனுக்குள்ளேயே ஏவிஎக்ஸ் இருக்கும். காலத்தில் பின்னோக்கிப் போவதெல்லாம் கருத்தரங்கில் காட்டத்தான் என்று அன்று முடிவு கட்டியவன், பத்து வருடம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

யோசனை என்னவோ ரொம்பப் பழசு. ரேண்ட் நிறுவனத்தில் ராபர்ட் பால்சர் 1969இலேயே எக்ஸ்டாம்ஸ் என்றொரு அமைப்பைப் பற்றி எழுதினார். புரோகிராம் ஓடும்போதே அதன் சரித்திரத்தை டேப்பில் எழுதிவைத்து, பிறகு அந்த டேப்பை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்ப்பது. 2003இல் பில் லூயிஸ் ஜாவாவுக்கு அதேபோல ஒன்று செய்து காட்டினார். ஒவ்வொரு வேரியபிளும் எப்போது என்னவாக இருந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகும். எல்லாமே சித்திரகுப்தன் கணக்கு. ஒன்று விடாமல் எழுது, எப்போதாவது கேட்டால் எடுத்துக் காட்டு. சித்திரகுப்தனுக்கு ஏடு தீராது. நமக்கு டிஸ்க் தீரும்.

ஆர்ஆர் பிறந்தது மோசில்லாவில். ஃபயர்ஃபாக்ஸ் டெஸ்ட்டுகள் விழுந்தால் அவர்கள் பலகையில் ஆரஞ்சு நிறத்தில் காட்டும், அதனால் எப்போதாவது மட்டும் விழும் டெஸ்ட்டுக்கே அங்கே 'ஆரஞ்சு' என்றுதான் பெயர். அந்த ஆரஞ்சுகளைத் தாங்க முடியாமல் கட்டிய கருவி இது. ராபர்ட் ஓ'கல்லகன், கைல் ஹூயி முதலானவர்களின் உழைப்பு, 1.0 பதிப்பு 2014இல் வந்தது. இதன் சாமர்த்தியம் எதை எழுதுகிறது என்பதில் இல்லை, எதையெல்லாம் எழுதாமல் விடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் ஒரு நோட்டு வைத்திருப்பார். யார் வந்தார்கள், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு. வீட்டுக்குள் நடப்பது எதுவும் அதில் இருக்காது. மனிதர்கள் விஷயத்தில் அந்த நோட்டு போதாது. புரோகிராம் விஷயத்தில் அதுவே போதும். ஏனென்றால் புரோகிராம் தன்னிச்சையாக எதுவும் செய்வதில்லை. வெளியிலிருந்து வந்தது அதேதான் என்றால், உள்ளே நடக்கிற கணக்கும் அதேதான். ஃபைலில் படித்த பைட்டுகள், நெட்வொர்க்கில் வந்தவை, மணி என்ன என்று கேட்டபோது கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) சொன்ன பதில், அது அனுப்பும் சிக்னல்கள். வாசல் வழியாக வந்த இவற்றை மட்டும் எழுதிக்கொண்டு, மறு ஓட்டத்தில் அதே வரிசையில் ஊட்டினால், சிபியு மீதியைத் தானே நடித்துக் காட்டிவிடும். உள்ளே நடந்த கோடிக்கணக்கான கூட்டல் கழித்தல் எதையும் எழுத வேண்டாம்.

ஒரே சிக்கல், எந்த நேரத்தில் வந்தது என்பதை எழுதுவது. நோட்டில் 'மணி 10:15' என்று எழுதினால் இங்கே உதவாது, மறு ஓட்டத்தின் கடிகாரம் வேறு. ஒரு த்ரெட்டை நிறுத்தி இன்னொன்றை ஓடவிட்டது சரியாக எந்த இன்ஸ்ட்ரக்ஷனில் என்று தெரிய வேண்டும். சிபியுவுக்குள்ளேயே வேகத்தை அளக்கச் சில எண்ணிகள் உண்டு. முடிந்த இன்ஸ்ட்ரக்ஷன்களை எண்ணும் எண்ணியை நம்ப முடியாது, குறுக்கே இன்டரப்ட் (வெளியிலிருந்து வரும் இடையூறு) வந்தால் ஒன்றிரண்டு கூடக்குறைய எண்ணிவிடும். ஆனால் இன்டெல்லில், எத்தனை கண்டிஷனல் பிராஞ்ச் ('இப்படி இருந்தால் அங்கே போ' என்ற கிளைப்பாதை) கடந்தோம் என்ற எண்ணிக்கை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே மாதிரி வருகிறது. அதை வைத்துத்தான் ஆர்ஆர் நேரத்தைக் குறிக்கிறது. 'இத்தனையாவது பிராஞ்சுக்குப் பிறகு, ரெஜிஸ்டர்களில் (சிபியுவின் உள் பெட்டிகளில்) இந்த மதிப்புகள் இருந்த இடத்தில்' என்று. இதிலும் ஒரு வேடிக்கை. எண்ணிக்கை வந்ததும் நில் என்று சொன்னால் சிபியு சற்றுத் தள்ளித்தான் நிற்கும், பிரேக் பிடித்த பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நிற்பதுபோல. அதனால் ஸ்டாப்புக்கு முன்னாலேயே நிறுத்தி, மீதித் தூரத்தை அடிமேல் அடி வைத்து நடக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை, எல்லா த்ரெட்டும் சிபியுவின் ஒரே கோரில் வரிசையில் நின்றுதான் ஓட வேண்டும். எட்டு கோரையும் நிரப்பும் வேலைக்கு இது அடி. இணையாக ஓடுவது குறைவான வேலைகளில் பதிவின் சுமை சாதாரண ஓட்டத்தின் இரண்டு மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. டீ குடிக்கப் போக நேரம் கிடையாது.

பின்னோக்கி ஓடுவது என்ற மாயத்தையும் இங்கேயே உடைத்துவிடுகிறேன். சிபியு எதுவும் பின்னால் நடப்பதில்லை. 'பின்னால் போ' என்றால் ஆர்ஆர் முன்பே எடுத்துவைத்த ஒரு நிலைக்குத் தாவி, அங்கிருந்து முன்னோக்கித்தான் மறுபடி ஓட்டுகிறது. வழியில் நீங்கள் கேட்ட சம்பவம் எத்தனை முறை நடந்தாலும், கடைசியாக நடந்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. திரும்பத் திரும்ப முன்னால் போவதையே நாம் பின்னால் போவதாக நம்புகிறோம். இது தெரிந்தபோது கொஞ்சம் ஏமாந்துபோனேன். பிறகு இதுதான் அழகு என்று பட்டது.

சரி, எங்கள் கதை. ஒரு ராத்திரி முழுக்க டெஸ்ட்டை ஆர்ஆருக்குள் சுற்றவிட்டோம். அதில் கேயாஸ் மோட் என்று ஒன்று உண்டு. சில த்ரெட்டுகளை வேண்டுமென்றே பட்டினி போட்டு, நேரப் பொருத்தங்களைக் கலைத்துவிடும். விழாமல் முடிந்த ஓட்டத்தின் பதிவை அழித்துவிடு, விழுந்தால் நிறுத்து. இவ்வளவுதான் ஸ்கிரிப்ட். காலையில் வந்து பார்த்தபோது 71ஆவது ஓட்டத்தில் நின்றிருந்தது. ஐந்து வாரம் எங்களை ஆட்டிவைத்தது டிஸ்க்கில் ஒரு ஃபோல்டராகக் கிடந்தது. ஒருமுறை விழுந்தால் போதும், இனி எத்தனை முறை ஓட்டினாலும் அது அதே இடத்தில், அதே மாதிரி விழுந்துதான் தீர வேண்டும்.

அவள்தான் கீபோர்டில். நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு.

ஓட்டத்தை முடிவு வரை விட்டாள். அபார்ட், புரோகிராம் சாகும் இடம். ஸ்டாக்கில் மேலேறிப் பெயர் நகலாகும் இடத்துக்கு வந்து நீளத்தை அச்சடித்தாள். 18446744073709551615. அந்த நீளம் மெமரியில் இருக்கும் முகவரி, முன்னால் உள்ளதை விட்டுக் கடைசி நாலு இலக்கம், 4818. நோட்டில் எழுதிக்கொண்டேன். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பதினைந்து வருடத்தில் மெமரி முகவரி ஒன்றை நான் காகிதத்தில் எழுதியது அதுதான் முதல்முறை. சாதாரணமாக அடுத்த ஓட்டத்தில் எல்லாம் இடம் மாறிவிடும், எழுதி என்ன செய்ய? பதிவில் அது மாறாது. பத்திரத்தில் இருக்கும் சர்வே எண் மாதிரி. நாளைக்கு வந்து கேட்டாலும் 4818 அதே இடம்.

அந்த எட்டு பைட்டுகளின் மேல் வாட்ச்பாயிண்ட் வைத்தாள், அதை யார் மாற்றினாலும் நிற்கும். ரிவர்ஸ் கன்டினியூ, பின்னோக்கி ஓடு, கொடுத்தாள்.

"அண்ணா, நின்ன இடத்துலயே நிக்குது."

"அது அபார்ட் சிக்னல்மா. பின்னால போகும்போதும் முதல்ல அதுல முட்டும். இன்னொரு தடவை குடு." இதை அந்தக் காலை அவள் வருவதற்கு முன்னால் தனியாகப் படித்து வைத்திருந்தேன். தெரிந்தமாதிரி சொன்னதில் ஒரு அற்ப திருப்தி.

இரண்டாவது முறை கொடுத்ததும் மூன்று நான்கு வினாடி யோசித்துவிட்டு நின்றது. பழைய மதிப்பு அந்த 20 இலக்க எண், புதிய மதிப்பு 0 என்று காட்டியது. பின்னால் போகிறோம் என்பதால் ஜிடிபியின் பழையதும் புதியதும் இடம் மாறிவிடும். முதலில் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். நின்ற இடம் பெயருக்கும் வாடிக்கையாளருக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு ஃபைல். நெட்வொர்க் இணைப்பைக் கவனிக்கும் செஷன் என்ற கிளாஸ். அதில் ஐந்து வினாடி டைமர் அடித்ததும் ஓடும் ஒரு கால்பேக் (நேரம் வந்ததும் கூப்பிடு என்று பதிந்துவைத்த ஃபங்ஷன்). அதில் ஒரே வரி: காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறை.

இரண்டு பேரும் பேசவில்லை.

அந்த செஷன் 4800இல் தொடங்குகிறது, எண்ணிக்கை 4818இல். நம் வாடிக்கையாளர் ரெக்கார்டும் 4800இல்தான் தொடங்குகிறது. பெயரின் நீளம் 4818இல். ஒரே மனையில் இரண்டு வீடு இருக்க முடியாது. எனவே செஷன் எப்போதோ காலிசெய்து போயிருக்க வேண்டும். செஷன் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரில் பிரேக்பாயிண்ட் (இங்கே நில் என்ற குறி) வைத்து, முகவரி 4800ஆக இருந்தால் மட்டும் நில் என்று சொல்லி, மறுபடி பின்னால். நின்றது. இணைப்பு தொடங்கும் கைகுலுக்கல் முடிவதற்குள் எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டால் சீக்கிரமாகத் திரும்பிவிடும் ஒரு பாதை. மற்ற எல்லாப் பாதையிலும் டைமரை ரத்து செய்யும் வரி இருக்கிறது. இதில் இல்லை. வீட்டைக் காலிசெய்தவர் பால்காரரிடம் சொல்லாமல் போய்விட்டார். ஐந்து வினாடி கழித்துப் பால்காரர் வந்து, புதிதாகக் குடிவந்தவர் கணக்கில் ஒன்றைக் கழித்துவிட்டுப் போயிருக்கிறார்.

உட்கார்ந்ததிலிருந்து இதுவரை 40 நிமிடம். த்ரெட் மோதல் இல்லை. கம்பைலர் இல்லை. நான் போட்ட நாலு பூட்டும் தெண்டம்.

லாக் போட்டால் ஏன் விழவில்லை என்பதையும் அன்றே பார்த்துவிட்டோம். எங்கள் லாகர் செய்தியை உடனே எழுதாமல் வரிசையில் வைத்திருக்கும். செஷன் மூடும் இடத்தில் நான் போட்ட லாக் செய்தி, செஷன் காலிசெய்த அதே இடத்தில் போய்க் குடியேறிக்கொண்டது. பால்காரர் வந்தபோது கழித்தது லாக் செய்தியின் ஏதோ ஓர் எழுத்தில். அப்படியானால் பழைய லாகுகளில் எங்காவது ஓர் எழுத்து ஒன்று குறைந்து, தட்டச்சுப் பிழைபோலக் கிடக்க வேண்டுமே என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

இதோடு முடிந்திருந்தால் சுபம். டைமரை ரத்து செய்யும் ஒரு வரியை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"பேரோட நீளம் பூஜ்யமா இருந்தாத்தானே அண்ணா இந்த எண் வரும்? பேர் இருக்கிறவங்களுக்கு என்ன ஆகும்?"

டெஸ்ட்டில் பெயர் காலியாக இருக்கும் ரெக்கார்டுகள் சில உண்டு. அவற்றில் ஒன்று அகப்பட்டால்தான் பூஜ்யத்தில் ஒன்று போய் வெடிக்கும். நீளம் 12 ஆக இருந்தால் 11 ஆகும். வெடிக்காது. சத்தமே இருக்காது. பெயரின் கடைசியில் ஒரு பைட் காணாமல் போகும், அவ்வளவுதான். ஆங்கிலப் பெயராக இருந்தால் ஓர் எழுத்துக் குறையும். தமிழில் எழுதிய பெயராக இருந்தால்? எழுத்துகளை பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மூன்றில் ஒன்று போனால் மீதி இரண்டும் எந்த எழுத்தும் இல்லை. திரையில் அந்த இடத்தில் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ வரும்.

அதை நான் பார்த்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புகார் வந்தது. செய்தியில் வாடிக்கையாளர் பெயரின் கடைசியில் கேள்விக்குறி வருகிறது என்று, ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோடு. எழுத்துரு பிரச்சினை, போனை மாற்றிப் பார்க்கவும் என்று எழுதி அந்தப் புகாரை மூடியவன் நான்தான். போனை மாற்றிப் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறேன்! தேடிப் பார்த்ததில் அதேபோல இன்னும் மூன்று புகார்கள். மூன்றும் வேறு வேறு ஆட்களால், வேறு வேறு காரணம் சொல்லி மூடப்பட்டிருந்தன.

மேனேஜர் சொன்ன அந்த 'இஃப்' உள்ளே போயிருந்தால் கிராஷ் நின்றிருக்கும். டெஸ்ட் பச்சையாகியிருக்கும். பெயர்களின் வால் மட்டும் எங்கோ அறுந்துகொண்டே இருந்திருக்கும், நாங்களும் போனை மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்திருப்போம். ஆர்ஆர் எனக்கு மிச்சப்படுத்திய நேரத்தைவிட இதுதான் எனக்குப் பெரிது. விழுந்த இடத்தை அடைத்திருந்தால் விழாத இடங்கள் தெரியவே வந்திருக்காது.

அதன் பிறகு எங்கள் குழுவில் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் 'எனக்கென்னவோ இதுதான்னு தோணுது' என்று தொடங்கும் கூட்டங்கள் ஒரு மணி நேரம் ஓடும், முடிவில் யார் குரல் பெரிதோ அவர் கட்சி ஜெயிக்கும். இப்போது ரெக்கார்டிங் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் கூட்டம் எதற்கு? இதில் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் உண்டு, மறைப்பானேன். கோடைப் பார்த்தே 'இங்கேதான் இருக்கும்' என்று மோப்பம் பிடிப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நாடி பிடித்துச் சொல்லும் வைத்தியர் ஊரில் ஸ்கேன் சென்டர் திறந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்த வைத்தியர் எத்தனை முறை தப்பாகச் சொன்னார் என்ற கணக்கை யாரும் வைத்திருக்கவில்லை, நான் உட்பட.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது. லினக்ஸில்தான் ஓடும். சிபியுவின் எண்ணிகளைத் தொட அனுமதி வேண்டும். பல கிளவுட் மெஷின்களில் அதைத் திறந்துவிட மாட்டார்கள், எங்களுக்கே மேசைக்கு அடியில் ஒரு பழைய பெட்டியைத் தனியாக வைக்க வேண்டியிருந்தது. ஏஎம்டி ரைசன் மெஷினில் அந்த எண்ணிக்கை சரியாக வர சிபியு அமைப்பு ஒன்றை மாற்ற வேண்டும். பதிவுக்கு வெளியே இருக்கும் இன்னொரு புரோகிராமோடு மெமரியைப் பகிர்ந்துகொண்டால் வாசல் நோட்டு பொய்யாகிவிடும், ஏனென்றால் அங்கே ஆட்கள் வாசல் வழியாக வருவதில்லை, சுவரேறிக் குதிக்கிறார்கள். இரண்டு கோரில் உண்மையாகவே ஒரே நொடியில் நடந்தால்தான் வரும் சில நுட்பமான மெமரி வரிசைப் பிழைகளும் ஒரே கோரில் தலைகாட்டாது. விண்டோஸ்காரர்களுக்கு 2017 முதல் விண்டிபக் என்ற டீபக்கரில் டைம் டிராவல் டீபக்கிங் இருக்கிறது. அது வேறு வழி, ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனையும் பின்தொடர்கிறது, அதனால் பத்து இருபது மடங்கு மெதுவாகும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கேம்பிரிட்ஜில் அன்டூ என்ற நிறுவனம் இதையே தொழிலாக வைத்திருக்கிறது. ஆர்ஆரை எழுதியவர்களில் சிலர் பிறகு பெர்னோஸ்கோ என்று ஒன்றைக் கட்டினார்கள். பதிவை முன்கூட்டியே முழுக்க அலசி வைத்துவிட்டு, ஒரு மதிப்பைத் தொட்டால் அது எங்கிருந்து வந்தது என்று வரிசையாகக் காட்டும். சித்திரகுப்தன் கணக்கேதான், வாசல் நோட்டை வைத்து எழுதியது.

இன்னொரு விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பதிவு என்றால் புரோகிராம் படித்த எல்லாம் அதில் இருக்கும். பெயர், போன் எண், பாஸ்வேர்டு, சர்வரின் ரகசியச் சாவி. நிஜ சர்வரையும் இப்படிப் பதிவு செய்யலாமே என்று ஒருவர் உற்சாகமாகக் கேட்டபோது, செக்யூரிட்டி குழுவில் இருந்தவர் கொட்டக் கொட்ட விழித்துப் பார்த்தார். அவர் பார்த்ததில் நியாயம் இருக்கிறது. போலி வாடிக்கையாளர்களை வைத்து ஓடும் டெஸ்ட் பதிவுகளுக்கே மூன்று மாதம்தான் ஆயுள், பிறகு அழித்துவிட வேண்டும் என்று விதி வந்தது.

அந்த 71ஆவது ஓட்டத்தின் முறை வந்தபோது அழிப்பதற்கு முன்னால் அவளும் நானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். வேலை எதுவும் இல்லை, சும்மாதான். மணி என்ன என்று அது கேட்கும்போதெல்லாம் அன்று கெர்னல் சொன்ன பதிலைத்தான் ஆர்ஆர் எடுத்துக் கொடுக்கும். லாக் வரிகள் திரையில் ஓடின. ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாத மத்தியான வெயில். உள்ளே அதற்கு இன்னும் டிசம்பர் ராத்திரி 2:52. கைகுலுக்கல் பாதியில் இணைப்பு போயிற்று, செஷன் காலிசெய்தது, 2:53க்குப் பால்காரர் வந்தார்.

"அழிச்சிடவா அண்ணா?" என்றாள்.

டிஸ்க்கில் 3 ஜிபி காலியானது.